விழாத மலையைப் பற்றி நாலு வார்த்தை

மலை விழவில்லை என்று சொல்வதா, மலை இன்னும் விழவில்லை என்று சொல்வதா? காலையில் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் பல் விளக்கும்போது பிடித்துக்கொண்ட கேள்வி, முகம் துடைக்கும்போதும் கூடவே நின்றது, டீ கிளாஸைக் கையில் வாங்கும்போதும் நின்றது, இப்போது எட்டாம் வகுப்பின் ஜன்னலோரத்தில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போதும் போக மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தணிகாசலம் ஒரு மணி நேரமாக அல்லாடிக்கொண்டிருந்தார். மணி எட்டே முக்கால். ஒன்பதரைக்கு மைதானத்தில் மைக் வைக்கிறார்கள். "நாலு வார்த்தை பேசிடுங்க சார், அப்புறம் எல்லாரையும் வண்டி ஏத்திடலாம்" என்று வருவாய் ஆய்வாளர் ஜான்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாலு வார்த்தை. மலைச் சரிவுகளைப் பார்த்து எது நிற்கும் எது நிற்காது என்று எழுதிக் கொடுப்பதுதான் தணிகாசலத்தின் உத்தியோகம். இருபத்தாறு வருடமாக எழுதிக் கொடுக்கிறார். எழுதுவதில் சிக்கல் இல்லை, காகிதம் திரும்பக் கேள்வி கேட்காது. மனிதர்களிடம் சொல்வதுதான் வராது. ஆனால் புதன்கிழமை மத்தியானம் அதுவும் வந்துவிட்டது. எப்படியோ வந்துவிட்டது. வெள்ளைப்பாறை காலனிக்கு மேலே, தேயிலை முடிந்து கற்பூர மரக் காடு தொடங்குகிற இடத்தில், நிலம் ஒரு ஆள் நீளத்துக்கு வாய் பிளந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, கீழே இருந்த அறுபத்திரண்டு குடும்பங்களையும் பேசியே கிளப்பி, மழையோடு மழையாக இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். மூன்று நாள் பெய்தது. மலை விழவில்லை. நேற்று விடியும்போது மழை விட்டது. இன்று வெயில் அடிக்கிறது, அதுவும் என்ன வெயில், கழுவி வைத்த பாத்திரம் மாதிரி. நாளைக்குத் திங்கட்கிழமை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவேண்டும், எல்லாரையும் இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று மேலே இருந்து உத்தரவு. ஆகவே அவர் அவர்களிடம் போங்கள் என்று சொல்லவேண்டும். அடுத்த முறை கூப்பிட்டால் வாருங்கள் என்றும் சொல்லவேண்டும். ஒரே மூச்சில், ஒரே மைக்கில்.

விழவில்லை என்றால் முடிந்துபோன சங்கதி. ஆபத்து வந்தது, போனது, கதவைச் சாத்து. இன்னும் விழவில்லை என்றால்? அவருக்கு அப்பா ஞாபகம் வந்தார். அரக்கோணத்தில் பஸ் கண்டக்டர், நாள் முழுக்க நின்றே பழகிய மனிதர், ஒரு தடவை நெஞ்சை அடைத்ததென்று பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனபோது டாக்டர் எல்லாப் படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல சேதிதான் சொன்னார். ஆனால் அப்பா அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இப்போதைக்கு. அப்புறம் பதினோரு வருடம் இருந்தார் மனிதர், பதினோரு வருடமும் படியேறினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் ஒரு கரண்டி பாயசத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, "இப்போதைக்குன்னுதானே சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் அப்பா நிம்மதியாக இருந்திருப்பாரா, இல்லை ஆறே மாதத்தில் போயிருப்பாரா, யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு சொல்லைத்தான் இப்போது தணிகாசலம் அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் மடித்துக் கொடுத்து அனுப்பப் போகிறார். இன்னும். தூறல் போட்டால் இன்னும். கூரையில் ஒரு காய் விழுந்தால் இன்னும். சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுந்து உட்காரும். வேண்டாம். விழவில்லை என்றே சொல்லிவிடலாம், கை தட்டுவார்கள், சிரித்துக்கொண்டே வண்டி ஏறுவார்கள். ஏறட்டும். சிரிப்பு என்று நினைத்ததும் அவருக்குக் காதுக்குள் சுரீர் என்றது. டீயைக் கீழே வைத்தார். ஆறிப்போயிருந்தது, மேலே ஆடை படிந்து, அந்த ஆடையில் ஒரு சுருக்கம். அந்தச் சுருக்கத்தைக்கூட அவர் சரிவாகத்தான் பார்த்தார்.

மூங்கில்மட்டத்தில் சிரித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஐப்பசி மழை. அங்கேயும் நின்று பேசினார், படம் போட்டுக் காட்டினார், மண்ணின் ஈரம் இத்தனை, சாய்வு இத்தனை டிகிரி, இந்த மழைக்காலத்தில் இந்தச் சரிவு இறங்குவதற்கு நூற்றுக்குப் பத்து வாய்ப்பு இருக்கிறது என்றார். நூற்றுக்குப் பத்து! அவருக்கு அது பயங்கரமான எண். நூறு பஸ்ஸில் பத்து பஸ் பள்ளத்தில் விழும் என்றால் எவன் பஸ் ஏறுவான்? ஆனால் அப்படிச் சொல்லவில்லையே, நூற்றுக்குப் பத்து என்றுதானே சொன்னார். முன்வரிசையில் மப்ளர் கட்டிய ஒருவர் எழுந்து, "அப்ப தொண்ணூறு நம்ம பக்கம்" என்றார். கூட்டம் ஓவென்று சிரித்தது. பரீட்சையில் பத்து மார்க் வாங்கினவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுவல்ல அவருக்கு முள்ளாகத் தைத்தது. அவரும் சிரித்தார். நாகரிகத்துக்காகச் சிரித்தார், எதிரில் ஐம்பது பேர் சிரிக்கும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள முடியாமல் சிரித்தார், பல் தெரியச் சிரித்தார். நிபுணரே சிரிக்கிறார் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்த ஞானம்மா என்கிற பெண்ணும் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். பதினாறாம் நாள் சரிவு இறங்கியது. நாலு பேர். அதில் ஞானம்மா ஒருத்தி. விசாரணையில் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: எச்சரித்தீர்களா? எச்சரித்தேன். தேதியோடு இருந்தது, கையெழுத்தோடு இருந்தது, கூட்டத்துக்கு வந்தவர்களின் கைநாட்டுகூட இருந்தது. அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினார்கள். அவர் சொன்னது உண்மை. அவர்கள் கேட்டதும் உண்மை. அவர் பத்தைச் சொன்னார், அவர்கள் தொண்ணூறைக் கேட்டார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான். ஒரே கணக்கில் ஒருத்தி டீத்தட்டோடு செத்துப்போனாள் என்று எந்தக் காகிதத்தில் எழுதுவது? ஜன்னலுக்கு வெளியே யாரோ பாய்களை உதறினார்கள். சத்தத்துக்குத் தோள் தூக்கிப்போட்டது அவருக்கு.

அதனால்தான் புதன்கிழமை எண்ணே சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு போனார். போயும் என்ன, அவருக்கு முன்னால் பேசிய பெரிய அதிகாரி எடுத்த எடுப்பில், "எல்லாரும் உடனே வீட்டைக் காலி பண்ணணும்" என்றுவிட்டார். காலி என்ற சொல் அந்தச் சின்ன சமுதாயக்கூடத்துக்குள் விழுந்ததும் சுவரெல்லாம் இறுகிவிட்ட மாதிரி இருந்தது. சவரிமுத்து என்றொருவர் எழுந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், பனியனுக்கு மேல் ஸ்வெட்டர், இடது கண்ணில் வெள்ளை. சத்தம் போடவில்லை. "சிலோன்ல, ஒங்க ஊருக்குப் போங்கடான்னாங்க. கப்பல்ல வந்து எறங்குனோம். மண்டபம் முகாம்ல ஒரு தட்டியைக் கட்டி ஒக்காந்தோம், அங்கயும் எந்திரிங்கன்னாங்க. இங்க வந்து காட்டை வெட்டி, தேயிலை நட்டு, வீடுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். இப்ப நீங்க வந்து காலி பண்ணுங்கறீங்க. மழைன்னு சொல்றீங்க. அப்பவும் ஏதோ ஒண்ணு சொல்லித்தான் ஐயா கிளப்புனாங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். இனி மலையையே பெயர்த்துக் கொண்டுவந்து காட்டினாலும் இவர்கள் நகரமாட்டார்கள் என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது. அவருக்கு மலை பேசியது, அவர்களுக்கு அரசாங்கம் பேசியது. மடிக்கணினியை மூடினார். ஏன் மூடினார், என்ன நினைத்து மூடினார் என்று அவருக்கே தெரியாது. மைக்கைக்கூட வாங்காமல் நடுவில் போய் நின்று, "உங்கள்ல யார் வீட்டுல இந்த ரெண்டு வாரமா கதவு சரியாச் சாத்த மாட்டேங்குது?" என்று கேட்டார். ஒரு பெண், "பின்கதவு இடிக்குது. மழைக்கு மரம் ஊதியிருக்கும்னு இவரு சீவிவிட்டாரு" என்றாள். "எங்க வீட்டுலயும்" என்றது ஒரு குரல். இன்னொருவர் வீட்டில் கக்கூஸ் சுவர் சாய்ந்திருந்தது. இன்னொருவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் இணைப்பு இரண்டு தடவை கழன்றுவிட்டது, பிளம்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் காலனியை வரைந்தார், சொன்ன வீட்டிலெல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டார், அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பெருக்கல் குறிகள் தாங்களாகவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போல வந்து சேர்ந்தன. "இது மரம் ஊதுனது இல்ல போலருக்கே" என்றார் கதவைச் சீவியவர். சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு வீடும் கிளம்பிவிட்டது. சவரிமுத்துவும் கிளம்பினார், கடைசியாக.

வெற்றி என்றுதான் ஜான்சி சொன்னார். மூன்று நாளாக அதையே போனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், "எங்க சார் பேசுன பேச்சு இருக்கே" என்று. ஆனால் அது பேச்சா, தந்திரமா? கதவு இடித்தது உண்மை, குழாய் கழன்றது உண்மை. ஆனால் எந்த உண்மையை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று அவர்தானே பொறுக்கினார்? சரிவின் கீழ்ப்பக்கம் பாறை கெட்டியாக இருக்கிறது, அது தாங்கினாலும் தாங்கும் என்பதும் உண்மைதான், அதைச் சொன்னாரா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருத்தர்கூட வந்திருக்கமாட்டார். சொல்லாததால் வந்தார்கள். வந்ததால் மூன்று நாள் கொழுந்து பறிக்கப் போகவில்லை, முப்பது பேருக்கு ஒரு கழிப்பறை, கைக்குழந்தைகளுக்கெல்லாம் சளி. விழுந்திருந்தால் அவர் தெய்வம். விழாததால்? நேற்று விடிகாலை மழை விட்டபோது அவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு நின்றது. எதிர்ச்சரிவில் மூடுபனி பிரிந்து காலனி தெரிந்தது, ஒவ்வொரு வீடாக, நீலக்கதவு, தகரக்கூரை, காயப்போட்டு மறந்துவிட்ட ஒரு சிவப்புப் போர்வை. எல்லாம் அப்படியே இருந்தது. அவர் உடனே மனைவி தமயந்திக்குப் போன் போட்டார். "மழை விட்டுருச்சு" என்றார். "அப்பாடா, ஒண்ணும் ஆகலையே?" "ஒண்ணும் ஆகல." அப்புறம் அவள் கேட்டாள், "நல்ல சேதிதானே சொல்றீங்க? கொரல் ஏன் இப்பிடி இருக்கு?" அவர் தூக்கம் இல்லை என்றார். சளி பிடித்திருக்கிறது என்றார். போனை வைத்துவிட்டார்.

குரல் எப்படி இருந்தது? முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் கேட்டுவிட்டது. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அதுதான் விஷயம். ஆளில்லாத அந்த வீடுகள் மேல் மண் இறங்கியிருந்தால், ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லாமல், இங்கே இவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க இறங்கியிருந்தால்... இறங்கியிருந்தால் என்ன? எதைச் சரிக்கட்டப் பார்க்கிறான் இந்தத் தணிகாசலம்? மூங்கில்மட்டத்துக்கு ஈடு கட்டப் பார்க்கிறானா? ஞானம்மாவிடம் போய், பார் தாயே, இந்தத் தடவை சொன்னேன், கேட்டார்கள், விழுந்தது என்று காட்டப் பார்க்கிறானா? அந்த நீலக்கதவை யாரோ பெயிண்ட் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து அடித்திருப்பார்கள். அது மண்ணுக்குள் போகவேண்டும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றுமா? தோன்றியது. ஒரு கணம்தான், ஆனால் தோன்றியது, அதற்கப்புறம் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகிவிட்டது, அந்த ஒரு கணம் மட்டும் செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" ஜான்சி வாசலில் நின்றார், கையில் பெயர்ப் பட்டியல். "சாமி காப்பாத்துச்சுன்னு ஆரம்பிங்க. மாதாவும் முருகனும் சேர்ந்து காப்பாத்துனாங்கன்னு. ரெண்டு பக்கத்து ஆளும் சந்தோஷமா ஒத்துக்குவாங்க. கோபம் இருக்காது." "கோபமா இருக்காங்களா?" "பின்ன? காலையில இட்லிக்கு வரிசையில நிக்கறப்ப பேசிக்கறாங்க, மலை பேரைச் சொல்லி நம்மளைப் பட்டியில அடைச்சுட்டாங்கன்னு." அவர் யோசித்தார். சாமி நல்ல யோசனைதான். ஆனால் சாமி காப்பாற்றியது என்றால் அடுத்த தடவையும் சாமியே காப்பாற்றட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடமாட்டார்களா? "இல்லேன்னா ஒத்திகைன்னு சொல்லிடுங்க. உண்மையா வர்றப்ப எப்படி வரணும்னு பழக்கிக் காட்டுனோம்னு." அது பொய். அழகான பொய், சட்டம் போட்டு மாட்டலாம். ஒரு தடவை சொன்னால் எல்லாத் தடவையும் ஒத்திகைதான் என்று ஆகிவிடும். அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. இன்று விடிந்ததும் தனியாக மேலே ஏறிப்போய், புதன்கிழமை பிளவின் இருபுறமும் தான் அடித்துவிட்டு வந்த இரண்டு முளைகளுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து குறித்தது. ஒரு மீட்டர் இருந்த இடத்தில் ஒரு மீட்டர் பதினொரு சென்டிமீட்டர். மலை நகர்ந்திருக்கிறது. மூன்று நாளில் பதினொரு சென்டிமீட்டர் நகர்ந்து, அப்புறம் மழை விட்டதும் நின்றிருக்கிறது. இனி நின்றே போகலாம். அடுத்த மழையில் ஓடலாம். மேலதிகாரிகளிடம் போனில் சொன்னார். "விழலையில்ல? வானிலை எச்சரிக்கையையும் எடுத்துட்டாங்க. அனுப்பிவிடுங்க" என்றார்கள். பதினொரு சென்டிமீட்டர் என்று மைக்கில் சொன்னால் என்ன கேட்பார்கள்? பதினொன்றையா கேட்பார்கள், சென்டிமீட்டரையா? சென்டி என்றாலே சின்னது. மப்ளர் கட்டிய யாராவது எழுந்து, என் மகன் ஸ்கேலே இதைவிடப் பெரிசு என்பான். சிரிப்பார்கள். அவர் என்ன செய்வார், சிரிப்பாரா? மணி ஒன்பது இருபத்தைந்து. மைக் செட்காரன் ஒன் டூ த்ரீ சொன்னான். தணிகாசலம் எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. ஊசி குத்தக் குத்தவே நடந்தார்.

மைதானத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர் பக்கம் திரும்பி உட்காரவில்லை, எல்லாரும் காலனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், வெயிலில் அது பளிச்சென்று இருந்தது. அவர் அவர்களுக்கும் காலனிக்கும் நடுவில் போய் நிற்கவேண்டியதாயிற்று. வாயைத் திறந்தார். "மலை விழலை" என்றார். உடனே ஒருவர் விசிலடித்தார். யாரோ கை தட்டினார்கள். தட்டியது சந்தோஷத்துக்கா கேலிக்கா என்று தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் இருந்தது, அந்தத் தட்டலிலேயே அடுத்த சொல் அவருக்குத் தொலைந்துபோயிற்று. இன்னும் என்று தொடங்கினார். அதற்குள் ஒரு பெண் எழுந்துவிட்டார். தவமணி. ஐம்பது வயதிருக்கும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்குச் சாக்கைக் கட்டியபடியே பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், மூன்று நாளும் சமையலுக்கு நின்றவர்.

"சார், எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் பேசுங்க. காலையில நான் வீட்டுப்பக்கம் போயிப் பாத்துட்டு வந்தேன். என் ஆடு ரெண்டு இல்ல. சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கு. கொட்டாயில ரத்தம் கெடக்கு. மூணு நாளா ஆளில்லாத காலனி, அது வராம என்ன செய்யும்? மலை விழலைன்னு சொல்றீங்க. என் ஆடு போனதை எதுல எழுதுவீங்க?"

ஜான்சி பட்டியலைப் புரட்டினார், அதில் ஆடு இல்லை. தணிகாசலம் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். என்ன சொல்வது? வருத்தமாக இருக்கிறது என்பதா? உயிர்ச்சேதம் இல்லை என்பதா? ஆடு உயிர் இல்லையா? நாக்கு நுனியில் பத்துச் சொற்கள் வரிசையில் நின்றன, எல்லாம் சட்டை போட்டுத் தலை வாரி நின்றன. அவற்றில் ஒன்றையும் அவரால் எடுக்க முடியவில்லை.

"நேத்து மழை விட்டப்ப," என்றார், "எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு."

ஏன் சொன்னோம் என்று அந்தக் கணமே தோன்றியது. ஆனால் அது ஒலிபெருக்கியில் போய், எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பியும் வந்துவிட்டது. "மலை விழுந்திருந்தா அடுத்த தடவை கூப்பிட்டதும் வருவீங்க. விழலை. இனிமே வரமாட்டீங்க. அதான் எனக்கு..."

"என்ன ஐயா சொல்றீங்க?" சவரிமுத்து எழுந்து நின்றிருந்தார். "நாங்க சாவணும்னா?"

"இல்லங்க ஐயா. நீங்கதான் இங்க இருந்தீங்களே. வீடு மட்டும்..."

"வீடு வேற, நாங்க வேறயா?"

பின்னால் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது, அதன் அம்மா முதுகைத் தட்டினாள். ஜான்சி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து, "சார், போதும் சார், முடிச்சிடலாம்" என்று முணுமுணுத்தார். முடித்துவிடலாம்தான். வந்ததற்கு நன்றி, போய் வாருங்கள் என்று ஒரு கும்பிடு. ஆனால் அவர் கை கும்பிடப் போகவில்லை. அவர் சவரிமுத்துவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வெள்ளை விழுந்த கண் அவரைப் பார்க்கிறதா, அவருக்குப் பின்னால் இருக்கிற காலனியைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை.

"தப்பு," என்றார். "வேற இல்ல. நான் நெனச்சது தப்பு."

"காலையில டேப் எடுத்துக்கிட்டு மேல போனீங்களே," என்றார் தவமணி திடீரென்று. ஆடு தேடப் போனபோது பார்த்திருக்கிறார். "எதை அளந்தீங்க?"

அவர் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டார். எண் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, கட்டைவிரலையும் ஒட்டவைத்து, உள்ளங்கையை அவர்களுக்குக் காட்டினார். "இவ்வளவு அகலம். நம்ம இங்க இருந்த மூணு நாள்ல, மேல இருக்கிற பாதி மலை இவ்வளவு கீழ எறங்கியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் கையைத் தூக்கித் தானே பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். தவமணி பார்க்கவில்லை. "அடுத்த உள்ளங்கை எப்ப?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரிஞ்சா சொல்லுவீங்களா?"

"தெரிஞ்ச அப்புறம் சொன்னா நேரம் இருக்காது. தெரியாமயேதான் சொல்லுவேன். வாங்கன்னு கூப்பிடுவேன், வந்துட்டு ஒண்ணும் ஆகாமத் திரும்பிப் போவீங்க. மறுபடியும் கூப்பிடுவேன். பத்துத் தடவை கூப்பிட்டா ஒன்பது தடவை நான் சொன்னது தப்பா இருக்கும். ஒங்களுக்குத் திட்டத் தோணும். திட்டிக்கிட்டே வாங்க."

பேசி முடித்த பிறகுதான் எண் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. பத்து. அதே பத்து. யாரோ எழுந்து ஒன்பது நம்ம பக்கம் என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தார். தவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் நேராக அவர் கண்ணில் அடித்தது.

"அப்ப ஒன்பது தடவையும் ஆட்டை எங்க விடுறது?" என்றார். "எங்களை ஏத்தறதுக்கு மூணு வண்டி வந்துச்சு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு வண்டி வரணும். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால எடம் இருக்கு, பட்டி போடலாம். அதைச் செஞ்சு குடுத்துட்டுக் கூப்பிடுங்க. வராதவங்களை நான் கேக்கறேன்."

"கோழிக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கோழியைக் கூடையில தூக்கிட்டு வா, அது என்ன பஸ் கேக்குதா?" என்றது இன்னொரு குரல். அதற்குத்தான் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை, ஜான்சியிடம் எழுதிக்கொள்ளும்படி கை காட்டினார். ஜான்சி அதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார். கேட்டதற்கெல்லாம் மேலே ஒப்புக்கொள்வார்களா, ஆட்டுக்கு வண்டி என்று எழுதினால் எந்த மேசையில் போய் நிற்கும், அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகத் தானே போய் நிற்கவேண்டியதுதான் என்பது தெரிந்தது. எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு இருபது பேர் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். விசிலடித்தவர் போகிற போக்கில், "இனிமே எங்கள எவனாச்சும் கூப்பிட்டுப் பாக்கட்டும்" என்று காதில் விழும்படி சொன்னார்.

வண்டிகள் இரண்டு நடை போய் வந்தன. ஆள் குறையக் குறைய மைதானம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. தணிகாசலத்துக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அனுப்பிக்கொண்டிருக்கிறோமே. எங்கே அனுப்புகிறோம்? உள்ளங்கை அகலம் இறங்கின மலைக்குக் கீழே. தானே கூட்டி வந்து தானே ஏற்றி விடுகிறோம். மேற்கே பார்த்தார், வானம் சுத்தமாக இருந்தது, சுத்தமாக இருந்ததும் பயமாக இருந்தது. மூன்றாவது நடைக்கு வண்டி திரும்பியபோது சவரிமுத்துவும் இன்னும் நாலைந்து பேரும்தான் மிச்சம். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். சவரிமுத்து ஏறவில்லை. ஒரு தகரப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வண்டிக்கு எதிர்ப்பக்கமாக, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்து வந்தார். பழைய பெட்டி, மூலையெல்லாம் நசுங்கி, மூடியில் ஏதோ எண் மங்கலாக. வராந்தாப் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"வாட்ச்மேன் ரூம்ல எடம் இருக்குமா?"

"என்னங்க ஐயா இது?"

"சிலோன் பாஸ்போட்டு, ரேசன் கார்டு, வீட்டுப் பட்டா. இவ போட்டோ ஒண்ணு." இவ என்றது யார் என்று அவர் சொல்லவில்லை. "ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டுத் தூக்கிட்டு வர முடியாது. தோள் விட்டுப்போச்சு. இது இங்கயே இருக்கட்டும். சாவி எங்கிட்ட இருக்கும்."

தணிகாசலம் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார். சவரிமுத்து மறுபக்கத்தை விடவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, கால் இடிக்காமல் அடி பார்த்துப் பார்த்து, வராந்தாவில் நடந்தார்கள். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "இருப்பா" என்றார் சவரிமுத்து, திரும்பிப் பார்க்காமல்.